அரை அங்குலம்

தடைக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள்
கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு கிடங்குக்குக்
கட்டில் பார்க்கப் போனோம்.
"துரை வூட்டுக் கட்டில்" என்றார் ஜபருல்லா.
அதற்கு முன் காட்டிய நிலைக்கண்ணாடியும் துரை வீடு.
கால் ஒடிந்த முக்காலியும் துரை வீடு.
இந்த ஊரில் இத்தனை துரைகளா
படுத்துப் புரண்டார்கள் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
விலையில் இருநூறு குறைத்தார்.

எட்டடிக்குப் பத்தடி எங்கள் அறை.
இரட்டைக் கட்டில் படிக்கட்டுத் திருப்பத்திலேயே மாட்டிக்கொள்ளும்,
டேப் பிடித்துப் பார்த்துவிட்டான் இன்னாசி.
ஆகவே ஒற்றைக் கட்டில், இரண்டு.
பர்மா தேக்கு.
மேலே பச்சை எனாமல்,
அதன் மேல் யாரோ துப்பிவைத்த மாதிரி வார்னிஷ்,
சந்துகளில் மூட்டைப்பூச்சிக் குடித்தனம்.

மீன்பாடி வண்டியில்
கால்கள் வானம் பார்க்க வந்து இறங்கின.
"யாரு படுத்து செத்துதோ" என்றாள் கீழ்வீட்டு விக்டோரியா.
சாகாமல் எழுந்து போனவர்களே கிடையாதா
ஒரு கட்டிலை விட்டு?

மொட்டைமாடி. முதலில் மண்ணெண்ணெய்,
பிறகு கொதிநீர், பிறகு காஸ்டிக் சோடா.
கையுறை இல்லாமல் தொட்டு
இரண்டு விரல்நுனி வெந்தது எனக்கு,
ஐஸ் கம்பெனியில் ரசீது எழுதும் விரல்கள்.
பச்சை உரிந்ததும் நீலம்.
நீலம் உரிந்ததும் ஆஸ்பத்திரி வெள்ளை.
அதற்கும் அடியில் மரம்,
துண்டு நழுவியவள் போல
கொஞ்சம் கூச்சத்தோடு.

உப்புத்தாள் எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது.
படகு இன்ஜினுக்கு மட்டுமே பொறுமை வைத்திருந்தவன்
தலைமாட்டுச் சட்டத்தை ரேகை பார்த்துத் தேய்த்தான்.
குறுக்கே தேய்த்தால் கீறும் என்று
நான் சொல்லவில்லை,
அவனே கண்டுபிடித்தான்
கீறிய பிறகு.

கால்மாட்டில் சூடு போட்ட எழுத்து:
ஆர்.ஆர். 12.
மற்றதில் 31.
ஜபருல்லாவுக்குப் போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் இருமினார்.
"ரயில்வே ஏலம்மா. ரன்னிங் ரூம் கட்டில்.
வண்டி ஓட்டிட்டு வர்றவங்க படுக்கிறது.
ஆனா அவங்கள ஓட்டச் சொன்னது துரைதானே?"

ஒருவன் எழுந்த சூட்டில் இன்னொருவன் படுத்த கட்டில்.
தலை நிறையக் கரித்தூளோடு
முகம் பார்க்காமலேயே
ஒரே பள்ளத்தைப் பங்கு போட்டவர்கள்.
எனக்கு அது புதிதில்லை.
இன்னாசி கடலுக்குப் போனால் பத்து நாள்.
கரையேறி அவன் வீடு வரும் விடியலில்
நான் கம்பெனிக்குக் கிளம்பியிருப்பேன்.
நாலு வருஷமாய்
பாயில் அவன் விட்ட சூட்டை நானும்
நான் விட்ட சூட்டை அவனும்தான் அறிவோம்.

அரக்கும் ஸ்பிரிட்டும்.
பழைய பனியனுக்குள் பஞ்சு முடிந்து
எட்டுக் கோட்டிங்.
ஒவ்வொன்றும் காய்வதற்குள்
துறைமுகத்துக் காற்று தூசி கொண்டுவந்து ஒட்டும்.
மறுபடி தேய்ப்போம்.

சேர்த்துப் போட்டபோதுதான் தெரிந்தது,
முப்பத்தொன்றைவிடப் பன்னிரண்டு
அரை அங்குலம் உயரம்.
அறுத்துவிடலாம் என்று ரம்பம் எடுத்தான்.
எட்டுக் கோட்டிங் பூசிய காலையா?
படகு அணைக்கும் டயரில் நாலு துண்டு வெட்டி
குட்டைக் கால்களுக்குச் செருப்புப் போட்டோம்.
நடுச்சந்தில் ஒரு போர்வை மடித்துத் திணித்தேன்.
மூட்டு மூட்டாய் மெழுகுவர்த்தி தேய்த்தான் அவன்,
கிறீச்சிடாமலிருக்க.
விக்டோரியாவுக்குக் காது கூர்மை.

தடைக்காலம் முடிய அப்போது
இருபத்திரண்டு ராத்திரி மிச்சம்.

நேற்று நள்ளிரவு படகு போய்விட்டது.
அவன் முப்பத்தொன்று, நான் பன்னிரண்டு.
அரைத்தூக்கத்தில் கை நீட்டினால்
ரப்பர் நசுங்கி
மறுபடி ஒரு சின்ன இறக்கம்.
போர்வை மடிப்பு.
அதற்கப்பால் முழுதாய்க் காயாத அரக்கு வாசனை,
கொஞ்சம் டீசல்.

ஐந்து மணி அலாரத்துக்கு எழுந்தபோது
முப்பத்தொன்றில் கிடந்தேன்.